ஏழு ஏ

இது டோல் சாலை இல்லை.
சீட்டெடுத்து நுழைந்து காசு கட்டி வெளியேறும் வழக்கம்
இங்கே கிடையாது.
மாடு குறுக்கே போகும்.
செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர்
எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும்.
பள்ளி விட்ட பிள்ளைகள் ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல்
மதிலில் நடப்பதுபோல் கைவிரித்து நடப்பார்கள்.

இதற்குத்தான் எண் போடச் சொல்லிக் கடிதம்.
சந்திப்பு ஒன்று முதல் பதினான்கு வரை.
பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, இரும்புக் கால் இரண்டு.

ரோஸ்லி குழி தோண்டுவார், நான் சிமெண்டு கலப்பேன்,
ஷஹின் நூல்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்து
'சோஜா, சோஜா' என்பான்.
மூன்று பாஷையில் ஒரு கம்பம் நிமிரும்.

ஏழு என்பது சீனர் இடுகாடு.
எட்டு, எரிந்துபோன எண்ணெய் நிலையம்.
இரண்டுக்கும் நடுவே கெலுபித் தோட்டத்து மண்பாதை,
நூற்றிருபது வீடு, ஒரு முனீஸ்வரர்,
பந்து பொறுக்க ஆள் வேண்டாத சரிவுத் திடல்.
வரைபடத்தில் விட்டுப்போயிற்று.
எட்டை ஒன்பதாக்கினால் மிச்சம் ஏழு பலகைக்கும் செலவு
என்று யாரோ விரல் மடக்கிப் பார்த்து
ஏழு ஏ என்று எழுதி அனுப்பினார்கள்.
ஏழை நிறுத்தி, ஏ! என்று அதட்டுவதுபோல
ஒரு பெயர்.

முனையில் கமலவேணியின் ஒட்டுக்கடை.
தே ஆத்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எங்கேருந்து வெளியே போக இந்த எக்சிட்டு?
நாங்க எப்ப உள்ள இருந்தோம்?"
எக்சிட் இல்லைக்கா, சந்திப்பு, என்றேன்.
"ரெண்டும் ஒண்ணுதான். நிக்காம போறவனுக்கு."

போன புரட்டாசியில் அவள் கடைக்கு எதிரே
ஒரு பையன் மோட்டாரோடு விழுந்தான்.
ஆம்புலன்சைக் கூப்பிட்டவள் இவள்தான்.
ஏழாம் கல்லு, ஏழாம் கல்லு என்று
மலாயில் மூன்று தரம் சொல்லியிருக்கிறாள்.
கல்லைப் பிடுங்கி வருஷமாச்சு.
அவள் சொன்னது மைல் கணக்கு.
வண்டி போனது கிலோமீட்டர் ஏழுக்கு,
நாலு கிலோமீட்டர் முன்னாலேயே நின்று
காலியான பாலத்தைச் சுற்றி விளக்கடித்திருக்கிறது.
நாற்பது நிமிஷம்.
பையனின் தலைக்கடியில் கடை மேசைத்துணி.

இதைச் சொன்னபோது அவள் கை தேயை ஆத்துவதை நிறுத்தவில்லை.
பிறகு என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை.
ரோஸ்லி தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பலகையை ஏன் அங்கிட்டு நடுறீங்க?"
காகிதத்தில் அப்படித்தான்:
முனை தாண்டி முப்பது மீட்டர்.
இப்பக்கம் மின்கம்பம் இருக்கிறதாம்.
"கம்பத்தை மாத்தி ரெண்டு வருஷம்.
தாண்டினப்புறம் நம்பரைப் படிச்சு எவனுக்கு லாபம்?
அடுத்த யூ டர்ன் பெட்ரோல் ஸ்டேஷன்ல."

எங்களுக்கு இடம் மாற்ற அதிகாரமில்லை.
அதை ரோஸ்லிக்கு மலாயில் சொன்னேன்.
அவர் பாதி தோண்டிய குழியைப் பார்த்தார்.
காறித் துப்பினார்.
மண்ணைத் திரும்ப அதிலேயே தள்ளினார்.

இந்தப் பக்கம் பாறை. கடப்பாரை தெறித்தது.
சிமெண்டு பிடிக்கையில் இருட்டிவிட்டது.
கடையைப் பூட்டிய கமலவேணி
மோட்டாரை உதைத்துக் கிளப்பி இடுகாட்டுப் பக்கம் போனாள்.
சொல்லாமல் போகிறாளே என்று நினைத்தேன்.
திரும்பி வந்தது ஒற்றை விளக்கு.
தொலைவில் அது வளைவு திரும்பியதும்
எங்கள் தலைக்கு மேல் பலகை
சட்டென்று வெள்ளையாய்ப் பேசியது: 7A.

பக்கத்தில் வந்து நிறுத்தினாள்.
"தெரியுது."
பிறகு, "A கொஞ்சம் பொடிசு."

நாளைக்கு அதிகாரி டேப்போடு வருவார்.
முப்பது மீட்டர் எங்கே என்று கேட்பார்.
ஷஹின் இப்போதே பயிற்சி எடுக்கிறான்,
எதுவும் புரியாதவன் முகத்தை.