ரவா, காலா

செந்தூலில் ஒரு கிளினிக்கின் மருந்துப் பைகளுக்கு
எழுத்து வரைகிறேன்.
மலாய் ஆயிற்று, சீனம் ஆயிற்று,
தமிழ்தான் பாக்கி என்றார்கள், வழக்கம்போல.
பக்கத்தில் நிற்கப்போகும் லத்தீன் எழுத்துக்குப்
பூர்வீகம் ஜெர்மனி.
கோடும் வட்டமும் போதும் என்று
நூறு வருடத்துக்கு முன் வீம்பு பிடித்தவர்களின் வம்சம்.

அந்த வீம்பு எனக்குப் புரிகிறது.
அதுவரை அவர்கள் வாசித்தது முள்வேலியை.
பேனா முனை திரும்புகிற இடமெல்லாம்
எலும்பு முறிந்த எழுத்து.
எஸ், எஃப்பின் வேஷத்தில் திரியும்.
தூக்கி எறிந்தார்கள்.
பூ வேண்டாம், கொடி வேண்டாம்,
பெரிய எழுத்து எதற்கு,
வாய் என்ன பெரிய எழுத்திலா பேசுகிறது?
இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன்.
எங்கள் அகரத்துக்கு அண்ணன் கிடையாது.
நீங்கள் அறிக்கை விட்டுத் தேடிப் போன ஊரில்
நாங்கள் வாடகை இல்லாமல் குடியிருக்கிறோம்.

ஓஃபன்பாகிலிருந்து வீப்கே கேட்கிறாள்:
ழகரத்தின் வாலைக் கொஞ்சம் நறுக்கலாமா?
கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்குகிறதே.
ஜன்னலில் மூன்றரை மணி மழை,
எல்ஆர்டி தண்டவாளத்தை அறைந்துகொண்டிருக்கிறது.
வால் நறுக்கிய மழையை அனுப்பிவைத்தேன்:
மமை.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
இரண்டும் ஒரே எழுத்தாகிவிட்டதே, என்றாள்,
வாலை விட்டுவிடு.

ரகரத்தில் சறுக்கியது நான்.
அதன் அடியில் ஒரு சாய்ந்த கீற்று உண்டல்லவா,
ஏழு பாயின்ட்டில் அது மைக்கறைபோல் தெரிந்தது.
எடுத்துவிட்டேன்.
ஒரு நிலை, ஒரு உத்தரம், இன்னொரு நிலை.
என்ன சுத்தம்!
நள்ளிரவில் எழுந்து வந்து
இன்னொரு முறை பார்த்துவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை, சோதனைப் பைகளோடு போனேன்.
மருந்தாளர் நோர்ஹஃபிஸா ஆளுக்கொன்று நீட்டினாள்.
சவரிமுத்து, கிள்ளான் துறைமுகத்து லாரி ஓட்டுநர்,
சக்கர நாற்காலியில்.
முட்டிக்குக் கீழே இடது காலைச் சர்க்கரை
சென்ற மாசி மாதம் வாங்கிக்கொண்டது.
பையை வெளிச்சத்துக்குத் தூக்கினார்.
இரவு ஒரு மாத்திரை என்று அச்சிட்டிருந்தேன்.
இ, என்றார். நிறுத்தினார்.
ஏம்மா, இது ரவா, காலா?
விரலை நகர்த்தினார். மா-வுல ஒரு காலு, சரி.
அடுத்து இதுவும் காலா?
எனக்கு ஒண்ண எடுத்துட்டானுங்க,
நீ இங்க மூணு நிறுத்தி வச்சிருக்கியே.

வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள்.
புரியாமலே நோர்ஹஃபிஸாவும் சிரித்தாள்.
அவரும்தான், எல்லாரையும்விடச் சத்தமாக.
நான் பைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொன்றாக, எண்ணி, முப்பத்தெட்டு.
தலைக்கு மேலே அவர் எண் ஒளிர்ந்தது, 2061,
அந்த ஜெர்மன் எழுத்தில்,
எட்ட இருந்தும் பிசகாமல்.

இரவு ஒன்றரைக்குக் கீற்றைத் திரும்ப வைத்தேன்.
முதலில் இருந்ததைவிடத் தடிமனாக,
தரையில் இன்னும் கொஞ்சம் நீள.
கனமாகத் தெரியவில்லையா, என்றாள் வீப்கே.
ஊன்றி நிற்கிறது, என்று பதில் போட்டேன்.

அடுத்தது ணகரம்.
மூன்று சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.