ஒன்பது ஓட்டு

வீடு நகரவில்லை. வார்டு எண்தான்
மூன்று தடவை மாறியது.
செல்லூர்த் தறிச்சத்தம்
எந்த எண்ணிலும் அதேதான்.

தொண்ணூற்றாறில் பெண்கள் வார்டு என்றதும்
தெருவெல்லாம் மனைவிகள் போஸ்டரில் ஏறினார்கள்,
பக்கத்தில் புருஷன் படம், ஒரு சுற்றுப் பெரிதாக.
சித்தி ஒச்சம்மாள் சுயேச்சையாக நின்றாள்.
சின்னம் சீப்பு.
சித்தப்பா படத்தைப் போடவில்லை.
அவருக்கு அதில் கோபம்.

எண்ணி முடித்தபோது ஒன்பது ஓட்டு.
எங்கள் வீட்டில் மட்டும் பதினான்கு.

அன்றிரவு யார் முகத்தையும் யாரும் பார்க்காமல்
சாப்பிட்டோம்.
சித்தி பதின்மூன்று தட்டிலும்
ஒரே அளவு ரசம் ஊற்றினாள்.

அப்புறம் வந்த ஒருவர் குழாய் போட்டார்,
தண்ணீர் அடுத்தவர் பாடு என்று விட்டுவிட்டார்.
அடுத்தவர் வாய்க்காலுக்குச் சுவர் கட்டி
அதில் தன் பெயரை எழுதினார்.
ஐப்பசி மழைக்கு எழுத்து தெரியாது,
நேரே வீட்டுக்குள் வந்தது.

பதினாறில் கோர்ட்டில் நின்றுபோனது தேர்தல்.
ஐந்து வருஷத்துக்கு மேல் கவுன்சிலரே இல்லை.
தெருவிளக்கு அணைந்தால், சாக்கடை பொங்கினால்
ஜனம் வேறு வழியில்லாமல் சித்தி கதவைத் தட்டியது.
மிஞ்சிக் கிடந்த சீப்பு நோட்டீஸ் கட்டைப் பிரித்து
பின்பக்கம் மனு எழுதினாள்.
ஒரு கட்டு தீர்ந்தது. நாலு விளக்கு எரிந்தது.

இருபத்திரண்டில் மறுபடி தேர்தல்.
பூத்திலிருந்து திரும்பும்போது கேட்டேன்,
“இந்தவாட்டி நின்னிருக்கலாமே சித்தி?”

“அந்த அஞ்சு பேரு யாருன்னு சொல்லு, நிக்கிறேன்.”

மை காயாத விரலை
மடக்கிக்கொண்டேன்.