மூன்று பேச்சியம்மாள்

பேச்சியம்மாள் என்று கூப்பிட்டேன்.
பெஞ்சிலிருந்து மூன்று பேர் எழுந்தார்கள்.

முக்கூடல் ஆஸ்பத்திரியில் இது அதிசயமில்லை.
கோயிலுக்கு நேர்ந்து பேர் விட்ட பிள்ளைகள்.
ஆற்றில் மணல்கூடக் குறைந்துவிட்டது,
பேச்சிகள் குறையவில்லை.

நீங்கள்தானே பேச்சியம்மாள் என்று கேட்கக் கூடாது.
ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.
உங்க பேர் என்ன, நீங்களே சொல்லுங்க.
அப்பா பேர்?
"சுடலைமாடன்."
அடுத்தவளுக்கும் சுடலைமாடன்.
வீட்டுக்காரர் பேர்?
மூன்றாமவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.
"அவிய பேர நா எப்படிச் சொல்ல?"
பிறந்த வருசம்?
"தொண்ணூத்திரண்டு வெள்ளத்துக்கு மறுவருசம்."
சீட்டு நம்பரும் வயதும் ஒத்துப்போயின.
உட்காரச் சொன்னேன்.

நேரம் மிச்சம் என்று ஒரு காலத்தில்
விடிந்ததும் எல்லா டியூபிலும் பேர் எழுதி
ஸ்டாண்டில் அடுக்கி வைத்தவள் நான்.
ஐகிரவுண்டு ரத்த வங்கியிலிருந்து
ஞானதிரவியம் அண்ணன் போன் செய்தார்.
"எம்மா, இது யாரு ரத்தம்?
போன மாசம் பி, இந்த மாசம் ஓ.
மாத்தி மாத்தி உடுத்த ரத்தம் என்ன சேலையா?"
நிறைமாதப் பேச்சி ஒருத்தி
அங்கே கட்டிலில் காத்திருந்தாள்.
பழைய கார்டு ஒன்று அவள் பையில் கிடந்ததால்
பிழைத்தாள்.
அன்று பாப்பாக்குடி பஸ்ஸில்
இரண்டு முறை டிக்கெட் எடுத்தேன்.
கண்டக்டர் முறைத்தார்.

கையுறை. ரப்பர் பட்டை,
முழங்கை மடிப்புக்கு நாலு விரல் மேலே.
"நா பீடிக்குக் கெட்டுத நூலு
இதவிட இறுக்கம்லா" என்றாள்.
கையை மூடுங்க.
மூடினாள், உள்ளே ஓர் இலை இருப்பதுபோல்,
பெருவிரல் தன்பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது.
கண் காட்டும் நரம்பு வழுக்கி ஓடும்,
விரல் காட்டும் நரம்பு நிற்கும்.
சிவக்காத கை, வெளிறிய நகம்,
நகக்கண்ணில் மட்டும் புகையிலைப் பழுப்பு.
ஒரு நிமிசத்துக்கு மேல் பட்டை இருக்கக் கூடாது;
அவிழ்த்தேன், மூச்சு விட்டாள், மறுபடி கட்டினேன்.

ஸ்பிரிட் தடவிக் காயவிட்டேன்.
ஊதக் கூடாது. துடைத்த இடத்தை
இன்னொரு முறை தொட்டுப் பார்க்கத் துடிக்கும் விரலை
அடக்குவதுதான் இந்த வேலையில் பாதி.
சாய்ந்த முனை மேல் பார்க்க
ஊசி உள்ளே போனது.
இல்லை.
மன்னிச்சிருங்க என்றேன். மறு கை.
அங்கேயும் இல்லை.

இரண்டுதான் கணக்கு.
மூன்றாவது குத்து என் கௌரவத்துக்கானது,
அவளுக்கானதல்ல.
பயிற்சிக்கு வந்து நாற்பது நாளான
பிளெஸ்ஸிலினைக் கூப்பிட்டேன்.
அவள் இடது புறங்கையைத் தேர்ந்தாள்,
சின்ன ஊசி எடுத்தாள்,
பேசிக்கொண்டே
முதல் தடவையில்.
கருஞ்சிவப்பு மெல்ல ஏறியது.
எனக்குச் சந்தோசம் என்று எழுதினால்
முழுக்க உண்மையில்லை.

பட்டையை அவிழ்த்த பிறகே ஊசியை எடுத்தாள்,
மூடி போடாமல் வெள்ளை டப்பாவில் போட்டாள்.
குலுக்காமல் எட்டு முறை
டியூபைக் கவிழ்த்து நிமிர்த்தினாள்.
இளஞ்சூடு இன்னும் இருந்தது
என்னிடம் அவள் நீட்டியபோது.

நாற்காலியை விட்டு அவள் எழும் முன்னே,
அவள் பார்க்க, லேபிள்.
பேர். வயது. தேதி. நேரம்.
கணவர் என்ற இடத்தில் என் பேனா நின்றது.
இன்னும் இரண்டு பேச்சிகள்
பெஞ்சில் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லத்தானே கூடாது" என்றாள்,
பேனாவை வாங்கிக்கொண்டு.
பஞ்சை அழுத்த அவளுக்கு வேறு கையில்லை.
நான் பிடித்துக்கொண்டேன்.
ஒவ்வொரு எழுத்தாக,
நூல் கட்டுவதுபோல் குனிந்து,
எழுதினாள்: மாயாண்டி.