உட்காரும் உயரம்

ராயபுரம், கல்மண்டபத்துக்குப் பின்சந்து.
மீன்பெட்டி ஐஸ் உருகி ஓடும் தண்ணீரைத் தாண்டினால்
பழைய லாக்கப்.
மூன்று கொட்டடி, ஒரு வராந்தா,
ஓடு போன இடத்தில் நாங்கள் கட்டிய நீலத் தார்ப்பாய்.

ஞாயிறுதோறும் ஐந்து பேர் வருவோம்.
ஆறாவதாக ஒரு பூனை.
வருகைப் பதிவேட்டில் அதன் பேரையும்
எழுதிவைக்கிறான் டெரன்ஸ்.
வாஹிதாவுக்குத் தபால் ஆபீஸ்.
எனக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு.
புஷ்பநாதன் சார் ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர்.
தேசிங்கு வெல்டர்;
பூட்டும் கம்பியும் அவர் பொறுப்பு.

சுரண்டுவதுதான் வேலை.
வெள்ளைக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் போலீஸ் சிவப்பு,
அதற்கும் அடியில் சுண்ணாம்பு.
ஒரு வாரத்துக்கு ஒரு முழம் சுவர்.

சுண்ணாம்பில்தான் இருந்தார்கள்.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
ஒரு கட்டுமரம்,
துடுப்பை மட்டும் மூன்று தடவை அழுத்திக் கீறியது.
‘அரிகிருஷ்ணன் ஒண்ணும் பண்ணல.’
அதன் கீழே வேறொரு கையெழுத்தில்
‘நானுந்தான்.’

விளக்க அட்டைகளை எங்கே மாட்டுவது?
தரையிலிருந்து ஐந்தடி என்றார் புஷ்பநாதன் சார்,
எல்லா மியூசியத்திலும் அப்படித்தானாம்.
‘கீய மாட்டுங்க’ என்றார் தேசிங்கு.
ஏன்?
‘சும்மா சொன்னேன்.’
கை தூக்கச் சொன்னோம். நாலுக்கு ஒன்று.

ஆவணியில் ஒரு ஞாயிறு
கீல் முனகுதா பார்க்கிறேன் என்று
வாஹிதா உள்ளே போய்க் கதவை இழுத்தாள்.
பூட்டு விழுந்தது.
சாவி தேசிங்கின் இடுப்பில்.
தேசிங்கு காசிமேட்டில்,
ஏதோ விசைப்படகின் அடிவயிற்றில்.
போன் அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் பத்து நிமிடம் அவளும் சிரித்தாள்.
டெரன்ஸ் போட்டோ எடுத்தான்.
டீ டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை,
பாலிதீன் பையில் கட்டிச் சாய்த்துக் கொடுத்தோம்.
அப்புறம் அவள் பேச்சு நின்றது.
நாங்களும் ஒவ்வொருவராக
வராந்தாவின் மறுகோடிக்குப் போனோம்.
யாரும் போகச் சொல்லவில்லை.

நாற்பதாவது நிமிடம் தேசிங்கு ஓடிவந்தார்.
ஊசிமுனைத் தையல்போல் பற்றவைக்கிற கை
சாவித் துவாரத்தை
இரண்டு முறை தவறவிட்டது.
கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை.

வாஹிதா தரையில் உட்கார்ந்திருந்தாள்,
முதுகு ஒரு சுவரில்,
பார்வை எதிர்ச் சுவரில்.
கட்டுமரம் அவள் கண்ணுக்கு நேரே.
எங்கள் அட்டை எங்கேயோ கூரைப் பக்கம்.
‘இங்க யாரும் நிக்கல,’ என்றாள்.
‘நின்னு என்ன பண்ணுவாங்க?’

நிலைக்கு வெளியே நின்றபடி தேசிங்கு சொன்னார்:
‘எம்பத்தி நாலுல. மூணு ராத்திரி.
டைனமோ திருடிட்டேன்னாங்க.’
கொஞ்சம் விட்டு, நாங்கள் கேட்காமலே,
‘திருடல.’

டெரன்ஸ் பதிவேட்டை மூடினான்.
அந்தக் கீழ்க்கையெழுத்து யாருடையது என்று
அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

ஆணிகளைப் பிடுங்கினோம்.
இரண்டடிக்கு இறக்கினோம்.
மேலே ஓட்டைகள் அப்படியே இருக்கட்டும் என்றார்
புஷ்பநாதன் சார், தன் கையால் அடித்தவை அவை.

திறப்பு விழாவுக்கு வந்த கவுன்சிலர்
பாதி குனிந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.
‘இன்னாபா, பூனை பட்ச்சிப் பாக்கவா மாட்டிக்கீறீங்க?’
‘பாய் கீது சார், குந்துங்க.’
அவர் தன் வெள்ளை வேட்டியைப் பார்த்தார்,
பாயைப் பார்த்தார்,
பிறகு கதவை.

கதவு இனி பூட்டாது.
முந்தின ராத்திரி தனியாக வந்து
பூட்டின் நாக்கை அறுத்திருந்தார் தேசிங்கு.
அது வராந்தா மேசையில் கிடக்கிறது,
கட்டைவிரல் நீளம்.
அதற்கு மட்டும் இன்னும் அட்டை எழுதவில்லை.