அளவுக்கோடு

நாட்காட்டியைச் சாப்பாட்டு மேசையில் விரித்தோம்.
ஜெபநேசனிடம் மஞ்சள் பேனா, என்னிடம் நீலம்.
பீர்த் திருவிழாக்கள் அவனுக்கு,
ஆற்றுக் கப்பல்கள் எனக்கு.
இரண்டும் கலந்து பச்சை விழுகிற நாட்களில்
சண்டையில்லாமல் போய்வரலாம் என்று ஒப்பந்தம்.

நியூரம்பெர்க்கில் அது ஜனவரி.
வெளியே குப்பைவண்டி உறைபனியை அரைத்துக்கொண்டு போனது.
உள்ளே நாங்கள் ஆகஸ்டில் இருந்தோம்.

அவன் சேர்த்துவைத்திருந்ததை
ஆராய்ச்சி என்றுதான் சொல்லவேண்டும்:
எந்தக் கூடாரத்தில் இடம்பிடிக்க எத்தனை மணிக்குப் போகவேண்டும்,
பொரித்த கோழி எப்போது தீர்ந்துபோகும்,
எந்த ஊர்ப் பீர் முதல் மிடறில் கசந்து
மூன்றாம் மிடறில் மன்னிப்புக் கேட்கும்.
இந்தச் சிரத்தையை ஆபீசில் காட்டியிருந்தால்
எப்போதோ மேலாளர் ஆகியிருப்பாய் என்றேன்.
"மேலாளருக்கு ஆகஸ்டில் லீவு கிடையாது."

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.
நான் நடக்காமல்
கரை நடக்கவேண்டும்.
படுத்தபடியே பார்க்கவேண்டும்,
ஒரு மாதாகோவில் கோபுரம்
தலைமாட்டில் வந்து கால்மாட்டில் போவதை.
பதினாறு வருடம் ரயிலுக்கு ஓடியவளுக்கு
இது பேராசையா?

பச்சை ஒரே ஒரு வாரத்தில் விழுந்தது.
ஷ்ட்ராவ்பிங்கில் மூன்று இரவு,
டெகன்டார்ஃபில் கப்பலேற்றம்,
மிச்சத்தை டான்யூப் பார்த்துக்கொள்ளும்.

•

கூடாரத்துக்குள் ஒரு ஊரே இருந்தது.
பெஞ்சின் மேல் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள்
நாளைக்கு யாருடைய பல்லையோ பிடுங்கப்போகிறவர்கள்.
ரோஸ்விதா என்று சட்டையில் பெயர் குத்திய பெண்
பத்துக் குவளைகளைக் குழந்தைகளைப்போல
மார்போடு அணைத்து வந்தாள்.

ஜெபநேசன் தன்னுடையதை விளக்குக்கு நேரே தூக்கினான்.
கண்ணாடியில் மெல்லிய கோடு, ஒரு லிட்டர்.
நுரை அமர அமர
பீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது.
"ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்"
என்றான் அவளிடம், தமிழிலேயே.
என்ன புரிந்துகொண்டாளோ,
வாங்கிப்போய் நிரப்பிக் கொண்டுவந்தாள்.

குடும்பக் குழுவுக்குப் படம் அனுப்புமுன்
குவளையை மட்டும் வெட்டினான்.
நாசரேத்திலிருந்து அத்தை கேட்டாள்:
கையை ஏன் அந்தரத்தில் அப்படி மடக்கி வைத்திருக்கிறாய்,
வலிக்கிறதா?
ஜெபித்துக்கொள்கிறோம்.

•

மூன்றாம் நாள் சாயந்திரம் கப்பல் கம்பெனி கூப்பிட்டது.
மழையில்லை. ஆற்றில் ஆழம் பற்றவில்லை.
ஒரு முழம் தண்ணீர் குறைவு.
கப்பல் பாசாவைத் தாண்டி மேலே வராது,
உங்களுக்குப் பேருந்து வரும்.

ஏழு மாதத் திட்டத்தில்
மழைக்கென்று ஒரு பேனா வாங்கியிருக்கவில்லை நாங்கள்.

பேருந்து ஜன்னலில் கரை நடக்கவில்லை.
ஓடியது.

பாசாவில் எங்கள் கப்பலை
இன்னொரு கப்பலின் விலாவோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.
கூடுதல் பணம் கட்டி வாங்கிய ஆற்றுப்பக்க அறை.
திரையை விலக்கினேன்.
கையெட்டும் தூரத்தில் வேறொரு ஜன்னல்,
பனியன் போட்ட ஒருவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
பார்த்ததும் பிரஷை உயர்த்தினார்,
கோப்பையை உயர்த்துவதுபோல.
நானும் சீப்பை உயர்த்தினேன். வேறென்ன செய்ய.

நாளை மாலைவரை நகராது என்றார்கள்.
மூன்று ஆறுகள் சேரும் முனைக்கு நடந்தோம்.
ஒன்று கறுப்பு, ஒன்று கலங்கல்,
ஒன்று எங்கள் நாட்காட்டிப் பச்சை.
"எங்க பக்கம் இதை முக்கூடல்ம்பாங்க.
அங்கேயும் இப்ப தண்ணி இல்ல."

திரும்பும்போது நகரமன்றச் சுவரில் கோடுகள்.
வெள்ளம் ஏறிய உயரமும் வருடமும்.
மேல்கோடு அவன் தூக்கிய கைக்கும் எட்டவில்லை.
கூடாரத்தில் குவளையைப் பார்த்த அதே கண்ணால்
அண்ணாந்து பார்த்தான்,
பிறகு குனிந்து ஆற்றை.

படித்துறையில் நேற்றுவரை நனைந்திருந்த கற்களில் உட்கார்ந்தோம்.
பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது, சூடேறிப்போய்.
ஆற்றில் ஊற்றக் கவிழ்த்தான்.

"எவ்வளவு?" என்றேன்.