எலிப்பொறி மூலையிலிருந்து

இன்றைக்கு மின்சாரம் ஒன்பதிலிருந்து ஒன்று வரை.
முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு இஸ்திரி,
பிறகு போன்கள் நான்கும் வரிசையாக.
மிச்சம் இருப்பது என் முறை.
மடிக்கணினியைத் திறக்கிறேன். அதன் விசிறி
மோல்மேன் ஆற்றில் படகு கிளம்புகிற மாதிரி இரைகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.
இரண்டடுக்குக் கட்டில்.
ஒன்பதடிக்கு எட்டடி அறை,
கதவு உள்பக்கம் திறக்கும்.
மேகலைக்கும் செண்பகத்துக்கும்
(பள்ளிப் பதிவில் தின்சா, சுவே சின்)
மேல்தட்டு யாருக்கென்ற வழக்கு
ஐந்து மாதமாக நடக்கிறது.
"படம் போட்டுக் கொண்டு வா, அறுக்கிறேன்" என்றார்
தச்சர் ஊ ச்சோ.
பிங்கடோ மரம், தப்பாக அறுத்தால்
ரம்பத்துக்கும் நஷ்டம் எனக்கும் நஷ்டம்.

சந்தைக்கு எதிரே ஜோ மின் கடை.
"நான்கு இருக்கு அண்ணே. இரண்டு திருட்டு,
ஒன்று முப்பது நாள் சோதனைக்கு,
ஒன்று இலவசம். அதை மட்டும்
யாரும் கேட்கிறதில்லை."

முதலாவது எழுந்ததும்
இணையத்தைக் கேட்டது.
இங்கே இணையம் சம்பந்தி வீட்டு மனிதர்,
வந்தால் உண்டு, வரச்சொல்லி நிற்க முடியாது.
மூடிவிட்டேன்.

முப்பது நாள் சோதனைக்காரன் நல்லவன்தான்.
கருந்திரை, நூறு பொத்தான்,
கோடு போட்டால் கோட்டுக்குப் பக்கத்திலேயே அளவு.
ஆனால் நாளைக்கு நாலு மணி நேரம் என்றால்
முப்பது நாள் எனக்கு ஐந்து நாள்.
பாக்கு மண்டியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கெழுதுகிறேன்,
இந்த வட்டி எனக்குக் கட்டாது.

மூன்றாவதில் மனசு போனது, ஒத்துக்கொள்கிறேன்.
சதுரம் போட்டு இழுத்தால்
சப்பாத்தி மாவு போலப் பலகை எழும்பும்.
மூன்று ராத்திரி இழுத்தேன்.
கட்டில் வந்தது, தலையணைகூட வந்தது.
நெருங்கிப் பார்த்தால் பலகைக்குத் தடிமன் இல்லை.
மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல்,
நடுவில் காற்றுகூட இல்லை.
அதில் என் பிள்ளை படுப்பதா?

இலவசத்துக்கு வந்தேன்.
இழுக்க ஒன்றும் இல்லை, எழுத வேண்டும்.
நீளம், அகலம், உயரம், மூன்று எண்.
எங்கே நிற்க வேண்டும், இன்னும் மூன்று எண்.
நீ யார் என்று கேட்கவில்லை.
அடியா மில்லிமீட்டரா என்றும் கேட்கவில்லை.
நாற்பத்தெட்டு என்றால் நாற்பத்தெட்டு.
அது அங்குலம் என்பது
எனக்கும் ஊ ச்சோவுக்கும் நடுவில் இருக்கிற விஷயம்.

முதல் கால் அந்தரத்தில் நின்றது.
இரண்டாவது தரைக்கு அடியில் முளைத்தது.
எல்லாம் எங்கிருந்து ஆரம்பம் என்று
நான்தான் முடிவு செய்யவில்லை.
டார்ச்சோடு போய் அறையைப் பார்த்தேன்.
இரண்டு சுவரும் தரையும் சேருமிடம்,
நாங்கள் எலிப்பொறி வைக்கிற மூலை.
சரி, அதுதான் பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
அதற்குப் பிறகு கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன.

சௌந்தரி பின்னால் வந்து நின்றாள்.
"மேலே படுக்கிறவள் உட்கார்ந்தால்
கூரையில் தலை முட்டாதா?"
ஒரு எண்ணை மாற்றினேன்.
மேல்தட்டு இறங்கியது, குறுக்குச்சட்டம் இறங்கியது,
கைப்பிடி தானாக இறங்கியது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே
மின்சாரம் போய்விட்டது.
இந்த மடிக்கணினியின் பேட்டரி
செத்து இரண்டு வருடம்.
பரவாயில்லை. கட்டில் மொத்தமே பதினான்கு வரி.
மண்டிப் பில்லின் முதுகில்
மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதிவைத்தேன்,
நாளைக்கு எழுந்து அடித்துக்கொள்ளலாம்.

கீழே பாயில் இருவரும் தூங்குகிறார்கள்,
ஒருத்தி கால் இன்னொருத்தி வயிற்றில்.
பில்லைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிந்தது,
ஏணிக்கு நான் ஒரு வரியும் எழுதவில்லை.