கை நடுக்கம்

முதல் படத்தில் நீங்கள் பார்த்த நடுக்கம் என்னுடையது.
உத்தி என்று எழுதினார்கள்.
கையுறையில் ஓட்டை, அவ்வளவுதான்.
பிப்ரவரி மாதம். சுப்பீரியர் ஏரி
கரையோரம் கல்லாகிக் கிடந்தது.
செம்பு தீர்ந்து மூடிய சுரங்கத்துக்குள்
மூன்று பேர், ஒரு கேமரா,
ரஸ்ஸின் அத்தை கொடுத்த இருநூறு டாலர்.

பேய் வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை.
அதனால் பேயைக் காட்டவில்லை.

வேய்க்கோவின் தலைவிளக்கு தற்செயலாக அணைந்தது.
ஒன்பது நொடி.
கெட்ட வார்த்தைகூட வராமல்
அவன் மூச்சு வாங்கியது மட்டும் பதிவானது.
அந்த ஒன்பது நொடியில்தான்
டெட்ராய்ட்டில் ஜனம் எழுந்து ஓடியதாம்.
நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்குக் காசில்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகம்.
படப்பிடிப்புக்கு என்னை விருந்தாளியாக அழைத்து
நாற்காலி போட்டு, சூப் கொடுத்தார்கள்.
தாடி வைத்த பையன் ஒருவன்
கேமராவுக்கு அடியில் பூட்டிய கருவியைக் காட்டினான்.
நடுங்க வைக்குமாம்.
"மூணு வேகம் மேடம்.
பயம், அதிகப் பயம், ஓட்டம்."
நடுவில் உள்ளதைப் போடச் சொன்னேன்.
நல்ல கருவி. குறை சொல்ல முடியாது.

நேற்று மார்க்கெட் நகரத்துத் திரையரங்கில், ஐந்தாம் வரிசை.
பேய்க்கு முகம் வைத்திருந்தார்கள்.
முகத்துக்கு ஒரு பின்கதை,
பின்கதைக்கு ஒரு பிளாஷ்பேக்,
பிளாஷ்பேக்கில் மழை.
வாயைத் திறந்தபோது பற்களைப் பார்த்தேன்:
நல்ல பல் டாக்டர் இருக்கிற ஊர்ப் பேய்.
அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள்.
இவர்கள் ஒரு மூலையைக்கூட இருட்டாக விட்டுவைக்கவில்லை,
அப்புறம் எங்கே அரள்வது?
ட்ரோன் ஒன்று சுரங்க வாயிலுக்கு மேலே
கழுகு மாதிரி சுற்றியது.
அதைப் பிடித்திருந்த கை யாருடையது,
யாருக்காகப் பயப்படுவது,
பாப்கார்னைத் தின்றுகொண்டே யோசித்தேன்.

அப்புறம், ஒரு மணி எட்டாவது நிமிடம்.
புதுப் பிள்ளைகள் ஒரு பழைய பெட்டியைக் கண்டெடுக்கிறார்கள்.
உள்ளே கேசட்.
போடுகிறார்கள்.

வேய்க்கோ.

செட் போட்டதல்ல, வேஷமல்ல.
ரஸ் பரணிலிருந்து விற்றுவிட்ட பெட்டி அது.
ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, முடியெல்லாம் நிமிர்ந்து நிற்க,
லென்ஸைப் பார்க்கிறான். லென்ஸை அல்ல.
"விறைச்சுப் போச்சா, வெல்மா?
குடு, நான் பிடிக்கிறேன்."
படம் சாய்கிறது. கூரை, கம்பம், ஒரு பூட்ஸ்.
பிறகு அசைவே இல்லை.
அத்தனை கேசட்டிலும் நடுங்காத காட்சி அது ஒன்றுதான்.
அதில் நான் நிற்கிறேன்,
இருபத்து நாலு வயசு, கையை அக்குளில் செருகிக்கொண்டு,
சிரிக்கிறேனா என்று தெரியவில்லை.
பின்னால் அவன் மூச்சு.

பதினோரு நொடி.
டேப் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.
ஆறு வருடம் முன்னால், மார்ச்சில்,
பனிவண்டியோடு ஏரிக்குள் போனவன்.
மெல்லிய பனி என்று அவனுக்குச் சொல்ல
அங்கே யாரும் இல்லை.

பின் வரிசையில் ஒருவன் செல்போனைத் திறந்தான்.
"இதுல ஒண்ணுமே வரலையேடா."
எனக்கு முதுகு சில்லிட்டிருந்தது,
இரண்டு படத்திலும் சேர்த்து முதல் தடவையாக.

வாசலில் மைக்கோடு ஒரு பெண்.
முதல் படத்துக்கு ஈடாக இருக்கிறதா?
"பதினோரு நொடி தேறும்," என்றேன்.
சிரித்தாள். வேடிக்கை என்று நினைத்திருப்பாள்.

வண்டியில் ஏறி ரஸ்ஸைக் கூப்பிட்டேன்.
பெட்டிக்கு எவ்வளவு தந்தார்கள்?
"நானூறு. கூரை ஒழுகுச்சு, வெல்மா."
திட்டத்தான் கூப்பிட்டேன்.
"படம் எப்படி?" என்றான்.
சுமார்.
"வேய்க்கோ வர்றானா?"
வர்றான்.

மறுமுனையில் பேச்சில்லை.
மூச்சு மட்டும்.
நான் எண்ணவில்லை.